கூந்தலும் உரிமையும்

1786ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள லூசியானா பிரதேசத்தின் கவர்னர் பெண்களின் தலைமயிரைப் பற்றி ஓர் ஆணை பிறப்பித்தார். அப்பொழுது லூசியானா ஸ்பெயின் தேசத்தின் ஆட்சியில் இருந்தது. கவர்னரின் பெயர் எஸ்தெபான் மிரோ. அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட ஆப்பிரிக்க வம்சத்துப் பெண்கள் பலர் நியூ ஆர்லியன்ஸ் நகரில் வாழ்ந்தனர். அவர்கள் தங்கள் கூந்தலில் இறகுகளும் அணிகளும் சூடலாகாது. துணியால் தலையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதே ஆணை. நாடாளும் ஒருவர் பெண்களின் கூந்தலைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோதுதான் கூந்தலுக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பதை நான் அறிந்தேன். அதையே இன்று மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தலைத்துணி அக்காலத்தில் அடிமைப் பெண்கள் அணிந்தது. சுதந்திரம் பெற்ற பெண்களையும் கண்டவுடன் தாழ்ந்தவர்கள் என்று அடையாளம் காணும்படி செய்வதே ஆணையின் உட்கருத்து. அப்பெண்கள் ஆணைக்குக் கீழ்ப்படிந்தனர், ஆனால் எவ்வாறு? கண்ணைப் பறிக்கும் வண்ணத் துணிகளைத் தேர்ந்தெடுத்து, பற்பல விதமான முடிச்சுகளிட்டு, தலைக்கட்டையே ஓர் அணிகலன் ஆக்கிவிட்டனர். சட்டத்தின் சொல் நிறைவேறியது. அதன் நோக்கம் தோற்றது.

இவர்களுடைய மூதாதையர் வாழ்ந்த மேற்கு ஆப்பிரிக்காவில் கூந்தல் பின்னுவது ஓர் உயர்ந்த கலை. பின்னலின் வகையைக் கொண்டே ஒருத்தியின் வயது, மணநிலை, குலம் ஆகியவற்றை அறியக்கூடிய சமூகங்கள் அங்கே இருந்தன. யொரூபா மக்கள் தலையை மனிதனுடைய ஊழின் இருப்பிடமாகவே போற்றினர். அங்குள்ள ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பைத் தலைக்குத் தடவி வந்தனர். இதற்குக் காரணம் உண்டு. சுருள் மயிர் வளைந்து வளைந்து வளர்வதால், தலைத்தோலில் ஊறும் எண்ணெய் அதன் நுனிவரை எளிதில் சென்று சேர்வதில்லை. ஆகவே அது விரைவில் உலர்ந்து முறியும். அதற்கு ஈரமும் நெய்ப்பும், எல்லாவற்றிற்கும் மேலாகப் பொறுமையுள்ள கைகளும் வேண்டும். அடிமை வாழ்வில் அந்தக் கைகளுக்கு ஓய்வு ஏது? ஞாயிற்றுக்கிழமை கிடைத்த சிறு பொழுதில்தான் ஒருவர் தலையை ஒருவர் வாரிவிட்டனர்.

1865இல் அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆயினும், நீண்டு படிந்த கூந்தலே அழகு, சுருள் மயிர் அழகற்றது என்ற எண்ணம் ஒழியவில்லை. வேலை வேண்டுவோரும் மதிப்பு வேண்டுவோரும் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் சீப்பினால் மயிரை நீட்டிக்கொண்டனர். பின்னர் காரம் மிகுந்த இரசாயனக் களிம்புகள் வந்தன. இதை வீண் ஆடம்பரம் என்று நாம் நகைத்துவிடலாகாது. வயிற்றுப்பாடு அதில் அடங்கியிருந்தது.

மேடம் சி. ஜே. வாக்கரின் வாழ்வை இங்கே நினைவுகூர வேண்டும். 1867இல் லூசியானாவில், முன்னர் அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். துணி வெளுத்துப் பிழைத்தார். தம் தலைமயிர் உதிர்ந்த துன்பமே அவரைத் தலைத்தைலத் தொழிலில் ஈடுபடுத்தியது. பெருஞ்செல்வம் ஈட்டியதோடு, ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களுக்குச் சொந்தக் காலில் நிற்கும் பிழைப்பையும் தந்தார். 1917இல் தம் விற்பனைப் பெண்களைப் பிலடெல்பியாவில் மாநாடு கூட்டினார். அவருடைய முறையில் காய்ச்சிய சீப்புக்கும் இடம் இருந்தது என்பதால் அவரைக் குறை கூறுவோரும் உண்டு. எனக்கோ, அந்தப் பெண்களின் கூந்தலைக் கவனிக்கத்தக்க பொருளாக மதித்ததே அவர் செய்த பெருந்தொண்டு என்று தோன்றுகிறது.

1962 ஜனவரியில் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் ஒரு புதுமை நிகழ்ந்தது. கிராண்டாசா என்னும் குழுவைச் சேர்ந்த பெண்கள், நீட்டாத இயற்கைச் சுருளோடும் ஆப்பிரிக்க பாணி ஆடைகளோடும் மேடையேறினர். கறுப்பே அழகு என்ற முழக்கம் அந்தப் பத்தாண்டில் நாடெங்கும் பரவியது. நாணி மறைத்த ஒன்றை அவர்கள் நிமிர்ந்து தாங்கினர்.

ஆனால் நீதிமன்றம் அத்தனை விரைவில் மனம் மாறவில்லை. ஒரு விமானக் கம்பெனியில் பணிபுரிந்த கறுப்பினப் பெண், வரிவரியாகப் பின்னிய தம் கூந்தலைத் தடுக்கும் விதியை எதிர்த்து வழக்காடினார். 1981இல் நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் கம்பெனியின் பக்கமே தீர்ப்பளித்தது. பின்னல் பிறவியில் வருவதன்று, எளிதில் மாற்றிக்கொள்ளக் கூடியது என்பது அதன் வாதம்.

அந்த வாதத்திற்குத் தக்க விடை கிடைக்க 38 ஆண்டுகள் ஆயின. 2019இல் கலிபோர்னியா மாநிலம், மயிரின் இயல்பையும், அதைக் காக்கும் பின்னல், முறுக்கு, சடைத்திரி முதலியவற்றையும் இனத்தின் அடையாளங்களாக ஏற்று, அவற்றின் பொருட்டுப் பள்ளியிலும் பணியிடத்திலும் வேற்றுமை காட்டலாகாது என்று சட்டம் செய்தது. வேறு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. 2022இல் கூட்டாட்சிப் பிரதிநிதி சபையும் இத்தகைய மசோதாவை நிறைவேற்றியது. செனட் சபையில் அது நிறைவேறவில்லை. அதே ஆண்டில் வெளியான ஒரு பெரிய ஆய்வு, மயிர் நீட்டும் இரசாயனங்களை அடிக்கடி பயன்படுத்துவதற்கும் கருப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பிருப்பதைக் காட்டியது. பிறர் கண்ணுக்காக உடலை வருத்திக்கொண்டதன் விலை எத்தகையது என்பதை இது நினைக்கச் செய்கிறது.

1786இல் தலையை மூடச் சொன்னது ஒரு சட்டம். 2019இல் தலையை அதன் இயல்பில் விடச் சொன்னது மற்றொரு சட்டம். இவ்விரண்டிற்கும் இடையே 233 ஆண்டுகள் உள்ளன. அந்த இடைவெளியைக் கடக்கச் செய்தவர்கள், வீட்டு முற்றத்தில் அமர்ந்து மகளின் தலையைப் பொறுமையோடு பின்னிவிட்ட எண்ணற்ற தாய்மார்கள். அவர்கள் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. சரித்திரம் படிக்கும்போது, மாணவர்களே, அவர்களுக்கும் உங்கள் மனத்தில் ஓர் இடம் கொடுங்கள்.