‘மீரா’: ஒரு குரல், இரு பனுவல்கள்

இந்திய இசைத் திரைப்பட வரலாற்றில் எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த ‘மீரா’ தனித்த ஆய்விற்குரியது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய இப்படம் 1945-இல் தமிழிலும் 1947-இல் இந்தியிலும் வெளிவந்தது. இந்தி வடிவத்தில் சரோஜினி நாயுடு திரையில் தோன்றி அவரை வடநாட்டவர்க்கு அறிமுகம் செய்தார்.

இருவடிவப் பாடல்களையும் ஒப்புநோக்கின் ஒரு வேறுபாடு புலனாகும். இந்தியில் மீராவின் பெயரால் வழங்கும் பஜனைகள் முதன்மை பெற்றன. தமிழிலோ பாபநாசம் சிவன், கல்கி ஆகியோர் புதியன இயற்றினர். இருமொழி இரசிகர்களும் ஒரே குரலில் தோய்ந்தனர். எனினும் அவர்கள் கேட்ட பனுவல்கள் வேறு. எனவே தமிழ்ப் பாடல்களைத் தமிழ்ப் பக்தி மரபின் தொடர்ச்சியாகக் கொள்ளுதலே பொருந்தும்.

இவ்வாய்விற்கு அக்காலப் பாட்டுப் புத்தகங்கள் முதன்மைச் சான்றுகளாகும். தாள் நொறுங்கி அவை அழியுமுன் தொகுத்துப் பதிப்பித்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும்.