கேலிச்சித்திரம் வேறு, பழிப்பு வேறு



1878 ஜனவரியில் லண்டன் 'வேனிட்டி ஃபேர்' இதழ் ஓவியர் விஸ்லரின் கேலிச்சித்திரத்தை வெளியிட்டது. வரைந்தவர் 'ஸ்பை' என்ற புனைபெயர் கொண்ட லெஸ்லி வார்டு. ஒற்றைக் கண்ணாடி, கறுத்த தலையில் ஒரு வெள்ளை முடிக்கற்றை. இவை போதும், விஸ்லரை யாரும் அடையாளம் கண்டுவிடுவார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் அவர் வழக்கு விசாரணைக்கு வந்தது. முகத்தைக் கேலி செய்ததற்காக அல்ல, தன் ஓவியத்தைப் பழித்த விமர்சகர் ரஸ்கின்மீது தொடுத்த வழக்கு. வென்றார். இழப்பீடு கால் பென்னி! வழக்குச் செலவும் கடனும் சேர்ந்து மறு ஆண்டே திவாலானார். ஆனாலும் 1886இல் பிரிட்டிஷ் கலைஞர்கள் சங்கம் அவரைத் தலைவராக்கியது.

இந்த வேறுபாடு தெரியாமல், கரும்பலகையில் என் மூக்கை நீட்டி வரைந்த பையனை அன்று முட்டி போட வைத்தேன். தம்பி, இதைப் படித்தால் வாத்தியாரை மன்னித்துவிடு. அந்தப் படத்தை மறுபடி வரைந்து அனுப்பு.