நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு எதைத் தேடிப் போகும் என்று சொல்லும் பழமொழி தமிழர் எல்லோருக்கும் தெரியும். அதன் பிற்பாதியைச் சொல்லிச் சிரிப்பவர்கள் முற்பாதியைக் கவனிப்பதில்லை. அதைச் சொன்ன காலத்தில் நாயைக் குளிப்பாட்டுவதும் நடுவீட்டில் வைப்பதும் எவரும் செய்யாத காரியங்கள். செய்யாத காரியம் என்பதால்தான் உவமையில் அதற்கு அவ்வளவு காரம். திருவண்ணாமலையில் வேங்கிக்கால் பக்கமும் போளூர் சாலையிலும் புதிதாக எழுந்திருக்கும் வீடுகளில் இன்று ஞாயிற்றுக்கிழமைதோறும் நடப்பது அந்த இரண்டும்தான். வாளி நிறையும் சத்தம் கேட்டதுமே கட்டிலுக்கு அடியில் நாய் பதுங்குகிறது. குளியலறை வாசலில் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு நகர மறுக்கிறது. பாதி நுரையோடு தப்பி, கூடத்துச் சோபாவில் ஏறி உடம்பை உதறுகிறது. வீட்டார் இதை நாயின் அடம் என்கிறார்கள். சிலர் தண்ணீர்ப் பயம் என்கிறார்கள். இந்த ஊரின் பழக்கவழக்க வரலாற்றைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நாய்க்குக் குளியல் என்பது நாயின் தேவையிலிருந்து பிறந்ததல்ல. நாய் நம் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தபோது, உள்ளே இருந்தவர்கள் அதற்கு விதித்த நிபந்தனை அது.

பழைய ஏற்பாட்டில் நாயின் பொருட்டுக் குளித்தவர் மனிதர். ஆசாரம் பார்த்த வீடுகளில் நாய் மேலே பட்டுவிட்டால் கட்டிய துணியோடு தலைமுழுகுவார்கள். கோயிலின் உள்ளே நாய் நுழைந்துவிட்டால் இடத்தைக் கழுவிப் புண்ணியாக வாசனம் செய்து நீர் தெளிப்பார்கள். தண்ணீர் தரைமேல் விழுந்தது, மனிதர் தலைமேல் விழுந்தது, நாயின் மேல் மட்டும் விழவில்லை. அதை விரட்டிவிட்டால் போதுமானதாக இருந்தது. அண்ணாமலையார் கோயிலுக்குள் சிவகங்கைத் தீர்த்தமும் பிரம்ம தீர்த்தமும், வெளியே ஐயங்குளமும், கிரிவலப் பாதை நெடுகத் தீர்த்தங்களுமாக நீரையே புனிதமாக வரிசைப்படுத்தி வைத்திருக்கும் ஊர் இது. அந்த வரிசையில் நாய்க்கு ஒரு படித்துறை கிடையாது. பைரவரின் வாகனம் நாய் அல்லவா என்று கேட்கலாம். இக்கோயிலிலும் காலபைரவருக்குச் சன்னதி உண்டு. தேய்பிறை அஷ்டமியில் பைரவருக்குப் பாலும் தயிரும் சந்தனமும் அபிஷேகமாகும். சிலையில் அவருக்குப் பின்னால் நாய் செதுக்கப்பட்டிருந்தால் அதன் மேலும் பால் வழியும். ஆனால் கல்லில் நிற்கும் நாய்க்குக் கிடைத்த நீராட்டு தெருவில் படுத்திருக்கும் நாய்க்குக் கிடைத்ததில்லை. அதற்குக் கிடைத்தது எச்சில் சோறும், திண்ணைக்குக் கீழே ஒரு நிழலும், இரவுக் காவல் என்ற வேலையும். அது மோசமான ஒப்பந்தம் என்று சொல்லிவிட முடியாது. குளிக்கச் சொல்லி யாரும் அதை வற்புறுத்தவில்லை.

விலங்குகளைக் குளிப்பாட்டுவதே நமக்குப் புதிது என்று இதற்குப் பொருளல்ல. மாட்டுப் பொங்கலன்று ஏரிக்கும் கிணற்றடிக்கும் மாடுகளை ஓட்டிப்போய், வைக்கோல் பிரியால் தேய்த்துக் கழுவி, கொம்புக்கு வண்ணம் பூசும் வழக்கம் இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. 2018இல் இறந்த கோயில் யானை ருக்குவை அறிந்தவர்களுக்கு யானைக் குளியல் எத்தகைய காட்சி என்று சொல்ல வேண்டியதில்லை. மாடும் யானையும் மறுப்பதில்லை. நாய் மட்டும் ஏன் மறுக்கிறது? மாடு கன்றாக இருக்கும்போதே நீருக்குப் பழகிவிடுகிறது. குளியல் திறந்த வெளியில், மண் தரையில் நடக்கிறது. அன்றாடம் தீனி போடும் கைதான் தேய்த்தும் விடுகிறது. தோலின் மேல் நீர் நிற்காமல் வழிந்துவிடுவதால் வெயிலில் சில நிமிடத்தில் உலர்கிறது. இந்தச் சௌகரியங்களில் ஒன்றுகூட ஆறடிக் குளியலறையில் நாய்க்குக் கிடைப்பதில்லை. ஜவ்வாது மலையிலும் அடிவாரத்துக் காடுகளிலும் வேட்டைக்குப் போன நாய்கள் ஓடையில் இறங்கின, ஏரியில் நீந்தின என்று எதிர்வாதம் சொல்வோர் உண்டு. உண்மைதான். கோடையில் மண்பானையின் அடியில் கசிந்த ஈர மண்ணைத் தோண்டி அதில் படுத்துக்கொள்ளாத நாட்டு நாய் கிடையாது. அந்த எதிர்வாதம் என் கட்சிக்கே வலு சேர்க்கிறது. நாய்க்கு நீர் பகையல்ல. தானாக இறங்கித் தானாக ஏறும் நீரை அது விரும்பவே செய்கிறது. பிடித்து நிறுத்தித் தலையில் ஊற்றும் நீரை ஏற்பதில்லை.

இந்த ஊரில் ஒரு நாய் குளிப்பாட்டப்பட்டதற்கு எழுத்தில் ஒரு சான்று இருக்கிறது. 1896இல் திருவண்ணாமலைக்கு வந்து, மலைமேல் விரூபாட்ச குகையில் நெடுங்காலம் வாழ்ந்த ரமண மகரிஷி, 1916 முதல் 1922 வரை கந்தாசிரமத்தில் தங்கினார். அங்கே வற்றாத ஊற்று ஒன்று உண்டு. அங்கே வந்து சேர்ந்த நாய்க்குட்டிக்குக் கமலா என்று பெயர். குட்டிகள் போட்டு ஆசிரமத்தை அசுத்தம் செய்யுமே என்று அன்பர்கள் விரட்டிப் பார்த்தார்கள், அது போகவில்லை. பின்னாளில், வந்தவர்களைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டு என்று ரமணர் சொன்னால், மலையின் ஒவ்வொரு சிலைக்கும் குளத்துக்கும் சன்னதிக்கும் அவர்களை அழைத்துச் சென்று காட்டும் அளவுக்கு அது தேறியது. அது முதல்முறை குட்டி போட்டபோது அதைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, ஆசிரமத்திலேயே சுத்தமான இடம் கொடுத்தார்கள். பத்து நாள் குட்டிகளோடு அங்கே இருந்தது. பத்தாம் நாள் தீட்டுக் கழித்து விருந்தும் நடந்தது. 1954இல் வெளிவந்த ரமணரின் வாழ்க்கை வரலாற்றில் ஆர்தர் ஆஸ்போர்ன் இதைப் பதிவு செய்திருக்கிறார். இதைப் படிப்பவர்கள் ஞானியின் ஜீவகாருண்யத்துக்கு எடுத்துக்காட்டாகவே சொல்வார்கள். அது இருக்கட்டும், வழக்கத்தின் வரலாறு என்ற கோணத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கமலாவுக்கு ஊற்றிய தண்ணீர் உண்ணிக்காகவோ நாற்றத்துக்காகவோ ஊற்றப்பட்டதல்ல. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு என்ன முறையோ அதையே அதற்கும் செய்தார்கள். விரட்டப்பட்ட ஒரு பிராணி வீட்டு மனுஷியாக ஏற்றுக்கொள்ளப்பட்டதற்கு அந்தக் குளியல் அடையாளம். உள்ளே வருவதற்கான வாசல் அன்றும் தண்ணீராகவே இருந்தது.

அந்த வாசல் எல்லா நாய்க்கும் எல்லா நாளும் திறந்திருந்ததாக நினைக்க வேண்டாம். அதற்கு முன் விரூபாட்ச குகைக் காலத்தில் ஒரு சிறிய நாய் இருந்தது. ரமணருடன் இருந்த பழனிசாமி அதை ஒருநாள் திட்டினார். சற்று நேரத்தில் அதன் உடல் சங்கு தீர்த்தத்தில் மிதந்தது. நாய் எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக்கூடாது என்ற கேள்வி அந்த மலையிலும் தீர்ந்திருக்கவில்லை. இன்று ரமணாசிரமத்தில் பசு லட்சுமி, மான், காகம் ஆகியவற்றின் சமாதிகளோடு ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது. ஜாக்கியின் சமாதிக்கும் இரண்டு தெரு தள்ளிக் கல்லெறி வாங்கும் நாய்க்கும் இடையில் உள்ள தூரம் இந்த ஊரின் குணத்தில் ஒன்று.

சோப்பு வந்த பாதை வேறு. வெள்ளைக்காரர்கள் ஆதிகாலம் தொட்டு நாயைக் குளிப்பாட்டி வந்தவர்கள், நாம்தான் பிந்திவிட்டோம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது சரியல்ல. இங்கிலாந்தில் முதல் நாய்க் கண்காட்சி நியூகாசிலில் நடந்தது 1859இல். கென்னல் கிளப் தொடங்கியது 1873இல். கண்காட்சிக்காக நாயின் முடி பளபளக்க வேண்டியிருந்தது. ஸ்பிராட் போன்ற கம்பெனிகள் நாய் பிஸ்கட்டோடு நாய் சோப்பையும் விற்கத் தொடங்கின. பஞ்சாபில் வாழ்ந்த ஃப்ளோரா ஆனி ஸ்டீல், கிரேஸ் கார்டினர் என்ற இரு துரைசானிகள் இந்தியாவில் குடித்தனம் நடத்தும் ஆங்கிலேயப் பெண்களுக்காக 1888இல் எழுதிய கையேட்டில், சமையலுக்கும் வேலையாட்களுக்கும் நடுவே நாய் பராமரிப்புக்கும் இடம் ஒதுக்கினார்கள். அதே 1888இல் சன்லைட் சோப்பு கல்கத்தா துறைமுகத்தில் இறங்கியது. 1895இல் லைஃப்பாய் வந்தது. ஆக, வீட்டு நாயைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவது அங்கேயும் இங்கேயும் ஏறக்குறைய ஒரே காலத்துச் சரக்கு. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பங்களா நாயைக் குளிப்பாட்டியவர் துரையுமல்ல, துரைசானியுமல்ல. அதற்கென்று ஓர் ஆள் சம்பளத்துக்கு இருந்தார். தோட்டத்துக் குழாயடியும் தொட்டியும் இருந்தன. நாம் வழக்கத்தை எடுத்துக்கொண்டோம். ஆளையும் தோட்டத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை.

திருவண்ணாமலை போன்ற ஊர்களுக்கு அந்த வழக்கம் பரவலாக வந்தது 1980களிலும் 90களிலும்தான். வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு இருந்த அக்காலத்தில், வீட்டுச் சோற்றையே தின்று இந்த வெயிலையும் தாங்கிய வெள்ளை ஸ்பிட்ஸ் பொமரேனியன் என்ற பெயரில் வீடு வீடாக வந்தது. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் குட்டை முடி நாய்கள். ஈரத் துணியால் துடைத்தாலே போதும். ஸ்பிட்ஸுக்கு இரட்டை அடுக்கு முடி. வெள்ளை நிறம் வேறு. செம்மண் ஒட்டினால் உடனே காட்டிக்கொடுக்கும். அதே ஆண்டுகளில்தான் திண்ணையும் முற்றமும் புழக்கடைக் கிணறும் வீடுகளிலிருந்து மறைந்தன. திண்ணை போனதால் நாய்க்கு வாசலில் இடமில்லாமல் போயிற்று, உள்ளே வந்தது. கிணற்றடி போனதால் குளிப்பாட்ட வெளியே இடமில்லாமல் போயிற்று, குளியலறைக்குள் போனது. மனிதர் குளிக்க வழவழப்பான ஓடு பதித்து, கதவு சாத்தி, சின்னதாகக் கட்டிய அறை அது. கோடையில் குடிநீருக்கே சாத்தனூர் அணையைப் பார்த்திருக்கும் ஊரில் ஒரு நாய்க்கு நான்கு வாளித் தண்ணீர் என்பது பழைய தலைமுறைக்குப் புரியாத கணக்காக இருந்ததில் வியப்பில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். எல்லாம் தீட்டும் நாகரிகமும்தானா, உடல்நலம் இல்லையா? உண்ணி, சொறி, வெறிநோய் இவையெல்லாம் பொய்யா? பொய்யல்ல. சொறி பிடித்த நாய்க்கு மருத்துவர் சொல்லும் மருந்துக் குளியல் சிகிச்சையே. அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் வெறும் ஷாம்பு உண்ணியை அகற்றாது. உண்ணியின் வாய் தோலில் ஊன்றியிருக்கும். அதன் முட்டைகள் நாயின் மேல் இருப்பதில்லை, சுவர் வெடிப்பில் இருக்கும். மருந்தும் வீட்டைச் சுத்தம் செய்வதும்தான் வழி. வெறிநோய்க்கும் குளியலுக்கும் தொடர்பே கிடையாது. அதற்குத் தடுப்பூசி ஒன்றே காவல். தண்ணீரைக் கண்டு ஓடும் நாய் வெறிநாய் என்ற நம்பிக்கையும் பிசகு. தண்ணீரைக் கண்டு அஞ்சுவது அந்நோய் கண்ட மனிதரிடம் காணும் குறி. வெறி பிடித்த நாய்க்குத் தொண்டை செயலிழந்து விழுங்க முடியாமல் போகும், அவ்வளவே. குளிக்க மறுக்கும் நாயை அந்தக் கண்ணோடு பார்த்து அடித்தவர்கள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது, அமிலத்தன்மையும் குறைவு. நமக்கான சோப்பை வாரந்தோறும் தேய்த்தால் அதன் இயற்கை எண்ணெய் போய் அரிப்புதான் மிஞ்சும். மணக்கிறது என்று நாம் மகிழும் ஷாம்பு, வாசனையாலேயே உலகை அறியும் பிராணியின் மூக்குக்கு எப்படி இருக்கும்? குளித்து முடித்ததும் அது நேரே மண்ணில் போய்ப் புரள்வதைப் பழமொழி இழிகுணம் என்கிறது. தன் வாசனையைத் திரும்பப் பெறும் முயற்சி அது என்றே நான் கொள்கிறேன்.

நாயை மறுபடியும் தெருவுக்கு அனுப்பிவிடலாம் என்பதல்ல என் வாதம். உள்ளே வந்த பிராணி உள்ளேதான் இருக்கும். அதோடு வாழ்வோருக்கு அதன் நாற்றம் ஒரு நியாயமான புகார். கேட்பது ஒன்றுதான்: குளியல் நம் வசதிக்காக என்று ஒப்புக்கொண்டால், நாய்க்கு ஆகும் சிரமத்தைக் குறைப்பதும் நம் பொறுப்பாகிறது. குட்டியிலேயே பழக்குங்கள். மாதம் ஒருமுறை போதும். இடையில் சீப்பும் ஈரத் துணியும் பார்த்துக்கொள்ளும். மொட்டை மாடியோ வாசலோ இருந்தால் வெயில் ஏறிய பிறகு அங்கே குளிப்பாட்டுங்கள். குளியலறைதான் கதி என்றால் கால் வழுக்காமல் தரையில் ஒரு சாக்கை நனைத்து விரியுங்கள். ஷவர் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரைச் சொம்பால் காலிலிருந்து மேலாக ஊற்றுங்கள். தலையைக் கடைசியில் துணியால் துடைத்தால் போதும், காதுக்குள் நீர் போகக்கூடாது. மறக்காமல், கதவைத் திறந்தே வையுங்கள்.