போவிஸ் கோட்டையில் திப்பு சுல்தானின் கூடாரம்

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், வெல்ஷ்பூல் நகரை ஒட்டி இருக்கிறது போவிஸ் கோட்டை. 13ஆம் நூற்றாண்டில் எழுந்த இக்கோட்டையை 1952 முதல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பராமரித்து வருகிறது. இதனுள் உள்ள கிளைவ் அருங்காட்சியகத்தில் திப்பு சுல்தானின் அரச உடைமைகளை நாம் காணலாம்.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் திப்பு சுல்தான் ஷஹீதானார். நகரம் சூறையாடப்பட்டது. பொன் தகடு வேய்ந்த அவரது அரியணை உடைக்கப்பட்டுப் பங்கிடப்பட்டது. அதிலிருந்த சிறிய புலித்தலைகளில் ஒன்று இங்கே இருக்கிறது. பெரிய புலித்தலையும் ஹுமா பறவையும் விண்ட்சர் கோட்டையின் அரச சேகரிப்பில் உள்ளன.

பூவேலைப்பாடு கொண்ட பருத்தித் துணியாலான சுல்தானின் கூடாரமும் போவிஸில்தான் உள்ளது. பிற்காலத்தில் இதைத் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகக் கட்டினார்கள்!

இவை வேல்ஸுக்கு வந்தது எப்படி? ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் அப்போது சென்னை மாகாண ஆளுநர். அவரது மனைவி ஹென்ரியட்டா, போவிஸ் பிரபுவின் மகள். அவர்கள் சேர்த்த பொருட்கள் இக்கோட்டையை அடைந்தன. சுல்தானின் பிள்ளைகளோ வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டார்கள்.

போவிஸ் செல்லும் குடும்பங்கள், பொருளின் அழகோடு அது யாருடையது, எப்படிக் கைமாறியது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவு தூரம் போக முடியாத நாம், வேலூர்க் கோட்டையில் நின்றே இந்த வரலாற்றைச் சொல்லித் தரலாம்.