தொலைக்காட்சிக் கார்ட்டூன் ரசிகர் காணொளிகள்

பழைய தொலைக்காட்சிக் கார்ட்டூன் பாத்திரங்களைக் கொண்டு, அவற்றின் உரிமையாளர் அல்லாதவர்கள் ஆர்வத்தின்பேரில் தயாரித்து இணையத்தில் வெளியிடும் குறும்படங்கள் ரசிகர் காணொளிகள் எனப்படும். பழைய காட்சிகளை வெட்டி வேறு வரிசையில் ஒட்டுதல், அவற்றுக்குப் புதுக் குரல் கொடுத்தல், பாட்டோடு இணைத்தல், ஒரு காட்சியை முழுவதுமாகத் தம் கையால் மறுபடி வரைதல் ஆகியவை இதில் அடங்கும். பெரும்பாலும் பணம் எதிர்பார்க்காமல் செய்யப்படுபவை இவை.

தொலைக்காட்சிக் கார்ட்டூன் என்னும் தொடர் இங்கே சற்றுத் தாராளமாகவே ஆளப்படுகிறது. பாப்பாய், பக்ஸ் பன்னி, டாம் அண்ட் ஜெர்ரி ஆகியோரின் பழைய கார்ட்டூன்கள் திரையரங்குக்காக எடுக்கப்பட்டவை. 1950களின் நடுவில் அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் பழைய படங்களை மொத்தமாகத் தொலைக்காட்சிக்கு விற்றபின், அடுத்தடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு இவர்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருந்தவர்களாகவே அறிமுகமானார்கள். ரசிகர் காணொளிகள் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை.

வேர்: சிக்கன அசைவூட்டம்

இவ்வகைப் படைப்புகளின் வரலாற்றை யூடியூபிலிருந்து தொடங்குவது வழக்கம். 1957இலிருந்து தொடங்குவதே சரி. அந்த ஆண்டில்தான் எம்.ஜி.எம். நிறுவனம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. ஏழு ஆஸ்கர் விருது பெற்ற டாம் அண்ட் ஜெர்ரி வரிசையை அங்கே இயக்கிவந்த வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் சொந்த நிறுவனம் தொடங்கித் தொலைக்காட்சிக்குப் போனார்கள். அவர்களின் முதல் தொடரான 'ரஃப் அண்ட் ரெட்டி' அதே ஆண்டு டிசம்பரில் ஒளிபரப்பானது. அடுத்த ஆண்டு 'ஹக்கிள்பெரி ஹவுண்ட்', 1960இல் 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' என்று வரிசை நீண்டது.

தொலைக்காட்சி கொடுத்த பணம் திரையரங்கப் படத்துக்கு ஆன செலவில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. ஆகவே ஓவியங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஏழு நிமிடப் படத்துக்கு ஏறக்குறைய 14,000 ஓவியங்கள் தேவைப்பட்ட இடத்தில் 2,000 அளவில் முடித்தார்கள். இதற்கு அவர்கள் கண்ட வழியை யோகி கரடியின் கழுத்தில் பார்க்கலாம். சட்டையோ காற்சட்டையோ இல்லாத அந்தக் கரடிக்குக் காலரும் டையும் இருக்கும். தலையும் உடம்பும் சேரும் கோட்டைக் காலர் மறைத்துவிடும். எனவே உடம்பை ஒரு செல்லுலாய்டு தாளில் அசையாமல் வைத்துவிட்டுத் தலையை மட்டும், பல நேரங்களில் வாயை மட்டும், வேறு தாளில் வரைந்து மாற்றிக்கொண்டே போகலாம். வாய்க்கும் சில வடிவங்களே போதும். எந்த வசனமானாலும் அவையே சுற்றிச்சுற்றி வரும். ஃபிரெட் ஃபிளின்ட்ஸ்டோன் வீட்டுக்குள் ஓடும்போது அதே சன்னலும் அதே நாற்காலியும் பின்னால் மறுபடி மறுபடி கடந்துபோவதும் இந்தச் சிக்கனத்தின் விளைவுதான்.

இதனை மலிவு வேலை என்று அக்காலத்து அசைவூட்டக் கலைஞர்கள் பலர் கடிந்துகொண்டார்கள். அந்த மலிவுக்குள் ஒளிந்திருந்த பெரிய வசதி முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. தலை தனி, உடம்பு தனி, பின்னணி தனி, குரல் தனி என்று தொடக்கத்திலேயே பிரித்துச் செய்யப்பட்ட படம், பிற்காலத்தில் வேறொருவர் பிரித்தாலும் கெடுவதில்லை. ரசிகர் கைக்குக் கத்தரி வருமுன்பே அது துண்டுகளாகத்தான் இருந்தது.

ஃபில்மேஷன் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1983 முதல் 1985 வரை அது தயாரித்த 'ஹீ-மேன்' தொடருக்கு 130 அத்தியாயங்கள். உண்மையான மனிதர்களை நடக்கவும் ஓடவும் விட்டுப் படம்பிடித்து, அதன்மேல் கோடு வரைந்து ஓர் அசைவுக் களஞ்சியம் உண்டாக்கினார்கள். ஒரே ஓட்டம், ஒரே திரும்பல், வாளை உயர்த்தும் அதே காட்சி ஆகியவை அத்தியாயத்துக்கு அத்தியாயம் எடுத்து ஒட்டப்பட்டன. ரசிகர்கள் பின்னர் எந்தக் காரியத்துக்காகக் குற்றம் சாட்டப்பட்டார்களோ அதையே தயாரிப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் தொழிலாகச் செய்துவந்தார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

இதன் உச்சம் 1994. அந்த ஏப்ரலில் கார்ட்டூன் நெட்வொர்க், 1966ஆம் ஆண்டின் 'ஸ்பேஸ் கோஸ்ட்' தொடரிலிருந்த வீரனை வெட்டியெடுத்து, ஒரு பேட்டி நிகழ்ச்சியின் தொகுப்பாளர் நாற்காலியில் உட்கார வைத்தது. புதிதாக வரைந்தது மிகக் குறைவு. பழைய அசைவுகளுக்குப் புதுக் குரல். 'ஸ்பேஸ் கோஸ்ட் கோஸ்ட் டு கோஸ்ட்' என்ற அந்நிகழ்ச்சி உரிமையாளரே தயாரித்தது என்பதைத் தவிர மற்ற எல்லா வகையிலும் ஒரு ரசிகர் காணொளிதான்.

இரண்டு வி.சி.ஆர். காலம்

இதற்கு முன்பே, வீட்டு வீடியோ கருவிகள் பரவியபின் ரசிகர்களும் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். 1982இல் அமெரிக்கரான ஜிம் கபோஸ்டாஸ் இரண்டு வி.சி.ஆர்.களை இணைத்து, ஜப்பானியத் தொடரான 'ஸ்பேஸ் பேட்டில்ஷிப் யமாட்டோ'வின் அமெரிக்க வடிவமான 'ஸ்டார் பிளேசர்ஸ்' தொடரில் உள்ள கொடிய போர்க்காட்சிகளை அன்பைப் பாடும் பீட்டில்ஸ் பாட்டொன்றோடு சேர்த்தார். அனிமே இசைக்காணொளி என்னும் கிளை அதிலிருந்து தொடங்குகிறது.

வேலை எளிதாக இருக்கவில்லை. ஒரு கருவியில் மூல நாடா ஓடும். மற்றதில் பதிவுப் பொத்தானை அழுத்தி இடைநிறுத்தத்தில் வைத்திருப்பார்கள். வேண்டிய காட்சி வரும் நொடியில் விடுவிக்க வேண்டும். ஆனால் இடைநிறுத்தத்தில் நாடா சற்றே பின்னோக்கி உருளும் என்பதால், நினைத்த இடத்துக்கும் வெட்டு விழும் இடத்துக்கும் நடுவே சிறு இடைவெளி வந்துவிடும். பழகிய கைகள் அந்த இடைவெளியைக் கணக்கிட்டு முன்கூட்டியே விரலை அசைத்தன. தவறினால் அந்த வெட்டை மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். பிரதிக்குப் பிரதி நிறம் வெளுத்து, கோடுகள் நடுங்கும்.

இந்தக் காலத்தின் தலைசிறந்த படைப்பு 1987இல் டொரன்டோவில் கலைக்கல்லூரி மாணவரான டாட் கிரகாம் உருவாக்கிய 'அப்போகலிப்ஸ் பூ'. டிஸ்னியின் 'வின்னி த பூ' காட்சிகளுக்குக் கொப்போலாவின் வியட்நாம் போர்ப்படமான 'அப்போகலிப்ஸ் நவ்'வின் ஒலியைப் பூட்டினார் அவர். தேன் குடிக்கும் பொம்மைக் கரடியின் காடு சில நிமிடங்களில் போர்க்களமாகிவிடுகிறது. காட்சிக்கும் ஒலிக்கும் உள்ள பொருத்தம் தற்செயலாக அமைந்ததல்ல. மூலப்படங்கள் இரண்டையும் மனப்பாடமாக அறிந்த ஒருவரால்தான் அப்படி வெட்ட முடியும். பிறகு 'பீனட்ஸ்' தொலைக்காட்சிச் சித்திரங்களையும் 'ப்ளூ வெல்வெட்' படத்தையும் இணைத்து 'ப்ளூ பீனட்ஸ்' செய்தார். இவை நாடாப் பிரதிகளாகவே கைமாறிப் பரவின. நண்பரின் நண்பரிடம் இரவல் வாங்கி, நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பது அன்றைய வெளியீட்டு முறை.

குரல் மாற்றம்

1980களின் அமெரிக்கக் கார்ட்டூன்கள் பல, அத்தியாய இறுதியில் பிள்ளைகளுக்கு ஓர் அறிவுரைக் காட்சியை வைத்தன. 'ஜி.ஐ. ஜோ' தொடரின் அறிவுரைகள் அவற்றில் புகழ்பெற்றவை. 2003இல் சிகாகோவைச் சேர்ந்த எரிக் ஃபென்ஸ்லர் அவற்றில் 25ஐ எடுத்து, படத்தை ஏறக்குறைய அப்படியே விட்டு, குரலை மட்டும் மாற்றினார். தீயணைக்கவும் தெருவைக் கடக்கவும் கற்றுத்தர வந்த வீரர்கள் பிள்ளைகளிடம் பொருளற்ற வார்த்தைகளைப் பேசிவிட்டுப் போனார்கள். யூடியூப் பிறக்காத காலம் அது; மின்னஞ்சல் வழியாகவும் தரவிறக்கம் வழியாகவுமே பரவின. உரிமையாளர் தரப்பிலிருந்து எதிர்ப்பு வருவதற்குள் பிரதிகள் எங்கும் போய்விட்டன. சிக்கன வாயசைவு இங்கே மறுபடி கைகொடுத்தது: மூன்று நான்கு வடிவங்களில் திறந்து மூடும் வாய், எந்தச் சொல்லுக்கும் ஒத்துப்போகும்.

2005இல் சியாட்டில் குழுவொன்று 'ஹீ-மேன்' காட்சிகளைக் கொண்டு செய்த பாட்டுக் காணொளி, 2010இல் யூடியூபில் வேறொருவர் ஏற்றிய வடிவில் உலகப் புகழ் பெற்றது. ஹீ-மேன் பொம்மையை வைத்து விளையாடியே இராத ஒரு தலைமுறை அந்தப் பாத்திரத்தை அறிந்தது இதன் வழியாகத்தான்.

யூடியூப் பூப்

2005இல் தொடங்கப்பட்ட யூடியூபில் விரைவிலேயே தனி இலக்கணத்தோடு வளர்ந்த வகை 'யூடியூப் பூப்'. இதன் முதல் படைப்பாகக் கொள்ளப்படுவது 1990ஆம் ஆண்டின் 'அட்வென்ச்சர்ஸ் ஆஃப் சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3' தொடரிலிருந்து 2004இல் செய்யப்பட்டு, 2006இல் யூடியூபில் ஏற்றப்பட்ட ஒரு சிறு துண்டு. வெகு நாள்வரை மரியோவும் சோனிக்கும் இவ்வகையின் முக்கிய நாயகர்களாக இருந்தார்கள். 1993ஆம் ஆண்டின் சோனிக் தொடரில் டாக்டர் ரோபாட்னிக்குக்குக் குரல் கொடுத்த பிரிட்டிஷ் புளூஸ் பாடகர் லாங் ஜான் பால்ட்ரி 2005இல் மறைந்தார். தம் குரல் ஆயிரக்கணக்கான வெட்டுகளில் வாழப்போவது அவருக்குத் தெரியாது.

இவ்வகையின் மையத் திறமை வாக்கியக் கலவை. ஒரு பாத்திரம் தொடர் முழுவதும் பேசியவற்றிலிருந்து அசைகளைப் பிரித்தெடுத்து, அது சொல்லாத வாக்கியத்தைச் சொல்ல வைப்பது இதன் வேலை. ஓர் அசையின் முன்பாதி ஒரு வசனத்திலிருந்தும் பின்பாதி வேறொரு வசனத்திலிருந்தும் வரும். குரலின் ஏற்ற இறக்கம் பொருந்தாவிட்டால் ஒட்டு காதில் தைக்கும். எனவே நல்ல கலைஞர்கள் ஒரே ஒலியின் பல மாதிரிகளைச் சேமித்து வைத்துத் தேர்வு செய்கிறார்கள். விண்டோஸ் மூவி மேக்கரில் தொடங்கி சோனி வேகாஸ் மென்பொருளுக்கு நகர்ந்தவர்கள் பலர். பத்து வினாடி நகைப்புக்கு இரவு முழுவதும் உழைக்கும் இவர்களைக் குப்பை தயாரிப்பவர்கள் என்று ஒதுக்குவது தவறு. ஒலிப்பதிவுக் கலைஞரின் காதும் எடிட்டரின் கையும் ஒருசேர வேண்டிய கலை இது. ஜப்பானில் 2006 டிசம்பரில் தொடங்கிய நிக்கோநிக்கோ டோகா தளத்தில் ஒலியைத் தாளமாக்கும் 'ஓட்டோமேட்' என்ற இணைக்கிளை செழித்தது.

மறுவரைவு

வெட்டி ஒட்டுவதில் மனநிறைவு அடையாதவர்கள் வரையத் தொடங்கினார்கள். 2014இல் 'செய்லர் மூன்' தொடரின் ஓர் அத்தியாயத்தை இருநூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் பகிர்ந்துகொண்டு முழுதாக மறுபடி வரைந்தார்கள். காட்சிக்குக் காட்சி ஓவியரின் பாணி மாறும். கதை மட்டும் அறுபடாமல் ஓடும். 1996 ஏப்ரல் 14இல் ஒளிபரப்பான 'சிம்சன்ஸ்' அத்தியாயத்தில் பள்ளித் தலைமையாசிரியர் ஸ்கின்னர் தம் மேலதிகாரியை விருந்துக்கு அழைக்கும் சிறு பகுதி, இருபதாண்டு கழித்து எண்ணற்ற மறுவடிவங்களைப் பெற்றது. 13 வினாடிக்கு ஒருமுறை ஓவியர் மாறும் 2018ஆம் ஆண்டு வடிவம் அவற்றில் சிறந்தது. 'ஸ்பாஞ்ச்பாப்' திரைப்படத்தின் ரசிகர் மறுவரைவு 2022 மே 1இல் வெளியானபோது பதிப்புரிமைப் புகாரால் நீக்கப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டது.

பதிப்புரிமை

உரிமையாளரின் அனுமதி இல்லாமலே சில வகைப் பயன்பாடுகளுக்கு இடம் தரும் அமெரிக்கச் சட்டத்தின் நியாயப் பயன்பாடு என்னும் கோட்பாடு 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆம் பிரிவில் உள்ளது. 1978இல் மிக்கி மவுசைக் கேலி செய்த 'ஏர் பைரேட்ஸ்' சித்திரக்கதை வழக்கில் டிஸ்னி வென்றது. 1994இல் உச்ச நீதிமன்றம் மூலத்தைப் புதுப்பொருளாக மாற்றும் கேலிக்கு இடம் கொடுத்தது. ஒரு ரசிகர் காணொளி அந்த இடத்துக்குள் வருமா என்பது அந்தந்தப் படைப்பைப் பொறுத்தது.

'ஸ்பாஞ்ச்பாப்' உரிமையாளரான வயாகாம், 2007 மார்ச்சில் யூடியூப் மீது 100 கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தது. 2014இல் அது சமரசத்தில் முடிந்தது. நடைமுறையில் தீர்ப்புகளைவிட 2007 அக்டோபரில் யூடியூப் கொண்டுவந்த கன்டென்ட் ஐடி முறையே பெரிய மாற்றத்தை உண்டாக்கியது. உரிமையாளர் தரும் மூலத்தின் ஒலி, ஒளித் தடங்களோடு ஒவ்வொரு காணொளியையும் இயந்திரம் ஒப்பிடும். பொருந்தினால் தடுக்கலாம், விளம்பர வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், அல்லது பார்வைகளைக் கணக்கெடுத்துக்கொண்டு விட்டுவிடலாம். கேலி எது, களவு எது என்று அதற்குத் தெரியாது. படத்தை இடவலமாகத் திருப்புவது, ஓரத்தில் சட்டம் போடுவது, குரலின் சுருதியைச் சற்று உயர்த்துவது ஆகிய பழக்கங்கள் ரசிகர்களிடம் வந்தது இந்த இயந்திரத்துக்குத் தப்பத்தான். 2019 செப்டம்பரில் சிறுவர் தனியுரிமைச் சட்டத்தை மீறியதற்காக யூடியூபும் கூகுளும் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டபின், சிறுவருக்கானவை என்று முத்திரை குத்தப்பட்ட காணொளிகளில் கருத்துரைகள் நிறுத்தப்பட்டன. கார்ட்டூன் உருவம் இருப்பதாலேயே பெரியவர்களுக்கான படைப்புகளும் அந்த முத்திரைக்கு அஞ்ச வேண்டிவந்தது.

இன்றைய நிலை

தமிழில் டாம் அண்ட் ஜெர்ரி காட்சிகளுக்கு வடிவேலு, கவுண்டமணி வசனங்களைப் பொருத்திய காணொளிகள் மிகுதி. பெரும்பாலும் பேசாத பூனையும் எலியும் எந்த மொழிக்கும் வாயசைக்கும். செயற்கை நுண்ணறிவால் குரலையும் படத்தையும் உண்டாக்கும் முறை பரவிவருகிறது. பட உருவாக்க நிறுவனமான மிட்ஜர்னி மீது 2025 ஜூனில் டிஸ்னியும் யுனிவர்சலும், செப்டம்பரில் வார்னர் பிரதர்ஸும் வழக்குத் தொடுத்தன. மிக்கியின் 1928ஆம் ஆண்டு வடிவம் 2024 ஜனவரி 1இல் அமெரிக்காவில் பொதுவுடைமையானது. அதே 95 ஆண்டுக் கணக்கில் 1958இன் 'ஹக்கிள்பெரி ஹவுண்ட்' அத்தியாயங்களுக்கு 2054 வரவேண்டும்.