சில்லும் சுத்தியலும்: ‘டெர்மினேட்டர் 2’ஐ எந்தப் பதிப்பில் வாசிப்பது?

ஜேம்ஸ் கேமரூனின் ‘டெர்மினேட்டர்’ (1984) படத்துக்கு இரண்டாம் பாகம் (1991) ஈடாகுமா என்ற கேள்விக்குப் பழகிப்போன விடை ஒன்று உண்டு. முதல் படம் தப்ப வழியில்லாத காலச்சுழல். இரண்டாவது அச்சுழலை அறுத்து, கொலை இயந்திரத்தைக் காவலனாக்கி, அச்சத்தை நீர்க்கச் செய்துவிட்டது என்பது அது. இவ்வாசிப்புக்குத் துணையாக வரும் காட்சி, சாராவும் மகன் ஜானும் இயந்திரத்தின் தலையிலிருந்து சில்லைக் கழற்றும் இடம். அந்தக் காட்சி 1991இல் திரையரங்குக்கு வந்த படத்தில் கிடையாது. 1993இல் வெளியான நீண்ட பதிப்பில்தான் அது சேர்ந்தது.

காட்சி இதுதான். தனியே அனுப்பப்படும் இயந்திரம் எதையும் கற்றுக்கொள்ளாதபடி அதன் சில்லில், எதிர்காலத்தில் மனிதரோடு போரிடும் கணினியான ஸ்கைநெட் விசையை மாற்றி வைத்திருக்கிறது. சில்லை வெளியே எடுத்தால்தான் விசையைத் திருப்ப முடியும். எடுத்ததும் சாரா சுத்தியலை ஓங்குகிறாள், ஜான் தடுக்கிறான். எதிர்காலத் தலைவன் என்று சொல்லப்படுபவன் பேச்சைத் தாயே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார் என்பது அவன் வாதம். படமாக்கிய விதமும் அசத்தல்: கண்ணாடி என்று நாம் நம்புவது வெறும் திறப்பு. ஒருபுறம் சாராவாக நடித்த லிண்டா ஹாமில்டன், மறுபுறம் அவருடைய இரட்டைச் சகோதரி, முன்னால் இயந்திரமாக நடித்த ஷ்வார்ஸ்நெகரின் பொம்மைத் தலை. இவ்வளவு உழைத்து எடுத்ததைக் கேமரூன் வெட்டினார் என்பதற்கு எடை உண்டு.

திரையரங்கப் பதிப்பில் அதே இடத்தில் இருப்பது ஒரே பதில்: மனிதரோடு பழகப் பழகக் கற்கிறேன் என்கிறது இயந்திரம். வேறுபாடு சிறிதல்ல. நீண்ட பதிப்பில் கற்றல் ஒரு விசையின் அனுமதி. திரையரங்கப் பதிப்பிலோ அது பழக்கத்தின் விளைவு. முதல் படத்தின் சாராவும் இப்படித்தான் மாறினாள். உணவகப் பணிப்பெண்ணாக இருந்தவள், தன்னைக் காக்க எதிர்காலத்திலிருந்து வந்த கைல் ரீஸோடு கழித்த குறுகிய காலத்தில் போராளி ஆனாள். எந்த விசையையும் யாரும் திருப்பவில்லை. 1991இன் படம் அந்த மாற்றத்தை இயந்திரத்துக்கு மடைமாற்றுகிறது. ஆகவே மூலத்தின் அமைப்போடு நெருங்கி நிற்பது குறுகிய பதிப்பே என்று கொள்ள இடமிருக்கிறது.

சுத்தியல் போனதால் சாராவின் கொலைவெறி மங்கிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் ஸ்கைநெட்டுக்கு வழிவகுக்கும் பொறியாளர் டைசனின் வீட்டுக் காட்சி அந்த வேலையை இன்னும் கூர்மையாகச் செய்கிறது. 1984இல் டெக் நுவார் விடுதியில் சாராவின் நெற்றியில் விழுந்த சிவப்பு லேசர் புள்ளி, இங்கே சாராவின் துப்பாக்கியிலிருந்து டைசன் மேல் விழுகிறது. மகனின் பொம்மை வண்டி காலில் இடிக்க அவன் குனிவதால் குறி தப்புகிறது. பிறகு குடும்பத்தின் கண்ணெதிரே அவனைச் சுடத் துணிந்தவளால் சுட முடியவில்லை. அவளே இயந்திரமாகிவிட்டாள் என்பதை இதைவிட எந்தச் சுத்தியல் சொல்லும்?

வெட்டிய காட்சிகளைச் சான்றாக ஏற்பதென்றால் முதல் படத்திலும் ஏற்க வேண்டும். அங்கே நீக்கப்பட்ட ஒரு காட்சியில், ஸ்கைநெட்டை உருவாக்கப்போகும் சைபர்டைன் நிறுவனத்தைத் தகர்த்துப் போரைத் தடுக்கலாம் என்று சாரா ரீஸை வற்புறுத்துகிறாள். இன்னொன்றில் இறுதிச் சண்டை நடந்த தொழிற்சாலையே சைபர்டைனுடையது என்று தெரிகிறது. அப்போது ‘மூடிய சுழல்’ என்ற வாசிப்பு என்னாவது? திரையில் வந்த பகுதியிலேயே, ரீஸ் மனப்பாடமாய்ச் சுமந்து வரும் செய்தி எதிர்காலம் முடிவாகிவிடவில்லை என்றுதான் சொல்கிறது.

64 லட்சம் டாலர் படத்தோடு சுமார் 10 கோடி டாலர் படத்தை ஒப்பிடலாகாது என்ற ஆட்சேபம் கணக்குப்பிள்ளைக்கு உரியது. முழங்காலில் மட்டும் சுடும் டெர்மினேட்டர் பல்லில்லாதது என்ற குறைக்கும் நீண்ட பதில் தேவையில்லை. பல், ஜானைக் கொல்ல வரும் புதிய இயந்திரமான டி-1000இடம் இருக்கிறது.

முடிவுக் காட்சி பற்றி ஒரு சொல். 2029இல் பூங்காவில் முதிய சாராவும் செனட்டரான ஜானும் தோன்றும் நிறைவைக் கேமரூன் படமாக்கியும் விட்டுவிட்டார். இரவு நெடுஞ்சாலையே எஞ்சியது. முதல் படம் முடிந்ததும் சாலையில்தான், புயலை நோக்கி. ஆறுதலே அவர் நோக்கமென்றால் பூங்காவை விட்டிருக்கமாட்டார்.

137 நிமிடப் படமாகப் பார்த்தால் இரண்டாம் பாகம் முதலதற்கு ஈடுதான். இனி இவ்விரண்டையும் ஒப்பிடுவோர் எந்தப் பதிப்பைப் பார்த்தார்கள் என்பதை முதல் பத்தியிலேயே குறிப்பிட வேண்டும்.