37 கிலோமீட்டரும் ஒரு மூப்புப் பட்டியலும்

எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதையில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஏறக்குறைய 37 கிலோமீட்டர். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நிலையங்கள் வந்துபோகும். விழுப்புரத்துக்குச் சற்று முன்னால் ஒரு கோடு இருக்கிறது. பயணிகளின் கண்ணுக்கு அது தெரிவதில்லை. திண்டிவனம் சென்னைக் கோட்டத்தைச் சேர்ந்தது, விழுப்புரம் திருச்சிராப்பள்ளிக் கோட்டத்தைச் சேர்ந்தது. வண்டியின் வேகத்தை அந்தக் கோடு சற்றும் பாதிக்காது. வண்டியை ஓட்டுபவரின் வாழ்க்கையையோ அது இரண்டாகப் பகுத்துவிடும்.

ரயிலோட்டுநரின் வரலாற்றை நாம் பெரும்பாலும் விபத்துகளின் வழியாகவும் வேலைநிறுத்தங்களின் வழியாகவுமே அறிந்திருக்கிறோம். தமிழ்ப் புனைகதையில் ரயில் நிறையவே ஓடியிருக்கிறது. எஞ்சினிலிருந்து ஓட்டுநர் இறங்கி வந்து பேசியது அரிது. அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' ஒரு ரயில்வே குடும்பத்தை நமக்குக் காட்டியது. அதைப் போன்ற ஒன்று விழுப்புரத்துக்கு இதுவரை வாய்த்ததாகத் தெரியவில்லை. வாய்த்திருந்தால் அந்நாவலின் மையத்தில் மூன்று கணக்குகள் இருந்திருக்கும்: மூப்பு, வீடு, ஓய்வூதியம்.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1870களின் பிற்பகுதியில் இந்தப் பாதையை அமைத்தது. 1879இல் புதுச்சேரிக் கிளை விழுப்புரத்தில் வந்து சேர்ந்தது. காட்பாடிப் பாதையும், 1920களின் இறுதியில் விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் குறுக்குப் பாதையும் பின்னர் வந்து இணைய, ஊர் ஐந்து திசைச் சந்திப்பாயிற்று. 1960களின் நடுவில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மீட்டர் பாதை மின்மயமாக்கப்பட்டது. 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தில் மீட்டர் பாதை வண்டிகள் ஓடியது இந்தியாவில் இங்கு மட்டுந்தான். எழும்பூரிலிருந்து மின்சார எஞ்சின் இழுத்துவந்த வண்டிக்கு விழுப்புரத்தில் நீராவி எஞ்சினோ டீசல் எஞ்சினோ மாட்டப்படும். எஞ்சினோடு ஆளும் மாறுவார். நள்ளிரவில் அந்த நடைமேடையில் தேநீர் குடித்த தலைமுறைக்கு அந்த நீண்ட நிறுத்தம் நினைவிருக்கும். 1990களின் இறுதியில் அகலப்பாதை வந்தபின் அந்தக் காட்சி படிப்படியாக மறைந்தது.

நீராவிக் காலத்தில் ஓட்டுநரின் வீடு ஷெட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும். இது உருவகம் அன்று. 'கால் பாய்' என்றொரு பணியாளர் கையில் பதிவேட்டுடன் இரவில் வந்து கதவைத் தட்டுவார். ஓட்டுநர் கையெழுத்திட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். ரயில்வே குடியிருப்பு ஷெட்டை ஒட்டி அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். விழுப்புரத்துக் குடியிருப்பில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் வசித்தன. கம்பெனி ஆட்சியில் உயர்ந்த ஊதியமும் விரைவு வண்டிகளும் யாருக்குச் சென்றன என்பது பலர் எழுதிவிட்ட கதை. நாம் இங்கே பார்க்க வேண்டியது ஏணியை.

கிளீனராகச் சேர்ந்தவர் இரண்டாம் ஃபயர்மேன், முதல் ஃபயர்மேன், ஷண்டர், சரக்கு வண்டி ஓட்டுநர், பயணி வண்டி ஓட்டுநர் என்று ஏறி, எல்லாம் நல்லபடியாக நடந்தால் இறுதியில் மெயில் டிரைவர் ஆவார். இன்று பெயர்கள் மாறிவிட்டன. உதவி லோகோ பைலட் என்று தொடங்கி மெயில் லோகோ பைலட் என்று முடிகிறது. ஏணி அதேதான். தேர்வும் கண்பரிசோதனையும் உண்டென்றாலும், யார் முன்னே யார் பின்னே என்பதை மூப்புப் பட்டியலே தீர்மானிக்கிறது. அந்தப் பட்டியல் கோட்டவாரியாக வைக்கப்படுவது.

இங்கேதான் அந்தக் கோடு குறுக்கே வருகிறது. திண்டிவனத்தைச் சேர்ந்த ஒருவர் சென்னைக் கோட்டத்தில் உதவியாளராகச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தலைமையிடம் தாம்பரமோ எழும்பூரோ அரக்கோணமோ ஆகிறது. வீட்டிலிருந்து அரைமணிப் பயணத்தில் விழுப்புரம் டெப்போ இருக்கிறது. அங்கே போக வேண்டுமென்றால் கோட்டம் மாற வேண்டும். சொந்த விருப்பத்தின் பேரில் கோட்டம் மாறுபவர் நேரடி நியமனத்துக்குரிய படிநிலைக்குத்தான் போக முடியும். அங்கும் ஏற்கெனவே இருப்பவர்கள் அனைவருக்கும் கீழே அமர வேண்டும். ரயில்வே பேச்சுவழக்கில் இதற்கு 'பாட்டம் சீனியாரிட்டி' என்று பெயர். பத்தாண்டு இரவுகள் விழித்து ஏறிய படிகள் அத்தனையும் போய்விடும்.

இன்னொரு வழி 'மியூச்சுவல்'. எதிர்த்திசையில் வர விரும்பும் ஒருவரைத் தேடிப்பிடித்து இடம் மாற்றிக்கொள்வது. விதி இதிலும் கவனமாக இருக்கிறது: தன் மூப்பு, மாற்றிக்கொண்டவரின் மூப்பு ஆகிய இரண்டில் எது தாழ்ந்ததோ அதுவே கிடைக்கும். ஏற்கெனவே அங்கிருப்பவரின் வரிசை குலையக்கூடாது என்பது இதன் நியாயம். நியாயந்தான், மறுப்பதற்கில்லை. முப்பது வயதில் மாற்றல் கேட்பவர் பதவி உயர்வை இழக்கிறார். கேட்காதவர் பிள்ளைகள் வளர்வதைப் பார்ப்பதை இழக்கிறார். இரண்டுக்கும் பொதுவான அளவுகோல் எந்த அலுவலகத்திலும் இல்லை.

ரயிலோட்டுநருக்குப் 'பைலட்' என்ற பெயர் வந்தது இந்த நூற்றாண்டில்தான் என்றாலும், இரு தொழில்களுக்கும் உள்ள உறவு பழையது. அமெரிக்காவில் 1926இல் ரயில்வே தொழிலாளர்களுக்கென இயற்றப்பட்ட சட்டம் 1936இல் விமான நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 1931இல் சங்கம் அமைத்த அந்நாட்டு விமானிகள், ரயிலோட்டுநர்களைப் போலவே தூரத்துக்கும் ஊதியம் கேட்டுப் பெற்றனர். மூப்பு வரிசையையும் தொழிலின் முதுகெலும்பாக்கிக் கொண்டனர். எந்த விமானம், எந்தத் தளம், எந்த மாதத்தில் எந்தப் பயணம் என்பதை மூப்பு எண்ணின்படி ஏலம் கேட்பதுபோல் அங்கே விமானிகள் கேட்டுப் பெறுகிறார்கள். ஓர் ஊரில் வீடும் வேறோர் ஊரில் தளமுமாக, வேலைக்குப் போவதற்கே பயணியாக விமானம் ஏறுபவர்கள் ஏராளம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே ஒரே நிறுவனத்துக்குள் தளம் மாறினால் மூப்பு எண் உடன்வரும். நிறுவனமே மாறினால்தான் பட்டியலின் அடிக்குப் போக வேண்டும். இங்கே முண்டியம்பாக்கத்தைத் தாண்டினாலே போதும்.

மூப்பு ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்றால், அது ஓய்வூதியமாக உருமாறுகிறது என்பதால். ரயிலோட்டுநரின் வருவாயில் அடிப்படை ஊதியம் ஒரு பகுதி. ஓடிய தூரத்துக்கான படி மற்றொரு பகுதி. 'மைலேஜ்' என்பார்கள். அதையும் ஊதியமாகவே கருதுவது பழைய வழக்கம். சராசரி மைலேஜில், அடிப்படை ஊதியத்தின் 75 விழுக்காடு வரை ஓய்வூதியக் கணக்கில் சேர்த்தார்கள். பின்னர் ரயில்வே வாரியம் அதைக் குறைக்க முனைந்தது. 1988 டிசம்பர் 5ஆம் நாளிட்ட அறிவிக்கைகள், 1973 முதல் 1979 மார்ச் வரை 45 விழுக்காடு என்றும் அதன்பின் 55 விழுக்காடு என்றும் முன்தேதியிட்டு விதியைத் திருத்தின. அதாவது, பதினைந்தாண்டுகளுக்கு முன் பணியை முடித்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டவரின் ஓய்வூதியமும் அன்றைக்குக் குறைந்தது.

ரங்கதாமையா வழக்கு என்று அறியப்படும் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 1997 ஜூலை 25 அன்று அந்த முன்தேதியைச் செல்லாதென்றது. ஓய்வு பெற்ற நாளில் உறுதியாகிவிட்ட உரிமையைப் பின்னால் வந்த விதி பறிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அதற்குள் எத்தனை பேர் காலமாகியிருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. 55 விழுக்காடு என்பது அதற்குப்பின் ஓய்வு பெற்றோருக்கு நிலைத்தது. மெயில் வண்டி ஓட்டுபவருக்கும் யார்டில் ஷண்டிங் செய்பவருக்கும் விழுக்காடு ஒன்றே. எந்த அடிப்படை ஊதியத்தின்மேல் என்பதில்தான் வித்தியாசம். மூப்பை விட்டுக்கொடுத்து வீட்டருகே வந்தவர் அந்த வித்தியாசத்தைச் சாகும்வரை மாதாமாதம் செலுத்துகிறார்.

ஓய்வூதியமே ரயில்வேயில் இயல்பாக வந்துவிடவில்லை. அதுவரை வருங்கால வைப்பு நிதிதான் இருந்தது. தொழிலாளி பங்கும் நிர்வாகத்தின் பங்கும் சேர்ந்து ஓய்வு நாளில் மொத்தமாகக் கைக்கு வரும். 1957 நவம்பர் 16 முதல் ஓய்வூதியம் அறிமுகமாயிற்று. முன்பே பணியில் இருந்தோர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். பலர் வைப்பு நிதியிலேயே நின்றுவிட்டனர். அவர்களைப் பேதைகள் என்று இன்று சொல்வது எளிது. கரியிலும் வெப்பத்திலும் முப்பதாண்டு நின்றவன், ஓய்வுக்குப்பின் தனக்கு நீண்ட ஆயுள் உண்டென்று நம்பக் காரணமில்லை. மொத்தப் பணம் வந்தால் ஊரில் ஒரு காணி வாங்கலாம், மகளின் திருமணத்தை முடிக்கலாம். தான் போய்விட்டால் மனைவிக்கு என்ன என்ற கேள்விக்கு முழுமையான விடை, 1964இல் குடும்ப ஓய்வூதியத் திட்டம் வரும்வரை கிடைக்கவில்லை.

அவர்கள் கணிக்கத் தவறியது விலைவாசியை. ஓய்வூதியத்தோடு பஞ்சப்படி நிவாரணம் ஏறிக்கொண்டே போயிற்று. வைப்பு நிதி வாங்கியவரின் பணம் கரைந்தது. ஓய்வூதியம் இரந்து பெறும் கொடையன்று என்று 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது அவர்களுக்கும் நம்பிக்கை பிறந்தது. 1990இல் கிருஷேண குமார் வழக்கில் அது முடிந்தது. வைப்பு நிதிக்காரரின்பால் அரசின் கடமை ஓய்வு நாளோடு தீர்ந்துவிடுகிறது, ஓய்வூதியரின்பால் அன்றுதான் தொடங்குகிறது என்றது நீதிமன்றம். சட்டப்படி மிகத் தெளிவான வாதம். 1997இல் அவர்களுக்குக் கருணைத்தொகையாக மாதம் 600 ரூபாய் தரப்பட்டது.

1974 மே மாத வேலைநிறுத்தத்தையும் இந்தக் கணக்கில் வைத்தே பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டில்தான் லோகோ தொழிலாளர்கள் போராடிப் பத்து மணிநேரப் பணி வரம்புக்கான வாக்குறுதியைப் பெற்றிருந்தனர். 1974இல் பங்கேற்றவர்களுக்குச் சிறையையும் வேலைநீக்கத்தையும் விட அமைதியான ஒரு தண்டனை இருந்தது: 'பணி முறிவு'. அந்த ஒரு சொல் முந்தைய பணிக்காலத்தை ஓய்வூதியக் கணக்கிலிருந்து அழிக்கவல்லது. 1977இல் ஜனதா அரசு வந்து அதை நீக்கியது. இடைப்பட்ட மூன்றாண்டுகளை ரயில்வே குடியிருப்புகள் எப்படிக் கழித்தன என்பதை யாரேனும் எழுத வேண்டும்.

2004 ஜனவரி 1க்குப் பின் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, பங்களிப்புத் திட்டந்தான். அதனால் ஒரே எஞ்சின் அறையில் இடப்புறமும் வலப்புறமும் இரு வேறு முதுமைகள் அமர்ந்து பயணம் செய்த காலம் வந்தது. கால் பாய் போய்க் கைப்பேசி வந்ததால், திண்டிவனத்தில் குடும்பத்தை வைத்துக்கொண்டு தாம்பரத்தில் பணிக்கு வருவது முன்னைவிட எளிதாகிவிட்டது. ஆனால் எட்டு மணிநேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவருக்குத் தலைமையிடத்தில் 16 மணிநேர ஓய்வு என்றால், அது லாபியில் கையெழுத்திட்டு வெளியேறும் கணத்திலிருந்து எண்ணப்படுவது. ஊருக்குப் போகும் வண்டிக்குக் காத்திருப்பதும், கூட்டத்தில் நின்று பயணம் செய்வதும், திரும்பி வருவதும் அந்தப் பதினாறிலேயே அடக்கம். வாராந்தர 30 மணிநேர ஓய்வை இந்தப் பதினாறோடு சேர்த்து 46 ஆகத் தரவேண்டும் என்று 2024 ஜூனில் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் போராடியதை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் கோரிக்கை சட்டென்று புரியும்.

2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்து, மீண்டும் ஒரு விருப்பப் படிவம் கைக்கு வந்தது. 25 ஆண்டுப் பணிக்குக் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதி மாதாமாதம் உறுதி; அல்லது பழையபடி பங்களிப்புத் திட்டத்திலேயே இருந்து, சேர்ந்த நிதியில் 60 விழுக்காடு வரை மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். மொத்தமா, மாதமா என்ற 1957இன் கேள்வியேதான். விருப்பம் தெரிவிக்கும் கெடு செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் இறுதிக்கு நீட்டிக்கப்பட்டது.